கடைக்குப் பூட்டு உண்டு, கணக்குக்கு?



பெட்டாலிங் ஜெயாவின் பழைய நகரத்துக்குப் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள சந்தையும், வரிசை வரிசையான சிறு கடைகளும் நினைவிருக்கும். இன்று மாடிக் கட்டடங்களும் வாகன நெரிசலுமாய் நிற்கும் அந்த மண் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். எஃபிங்ஹாம் தோட்டம் என்பது அதன் பெயர்; பரப்பளவு ஏறத்தாழ 1,200 ஏக்கர். 1950-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் இட நெருக்கடி மிகுந்து புறம்போக்குக் குடிசைகள் பெருகியபோது, அந்தத் தோட்டத்து நிலத்தில்தான் புதிய ஊர் அமைக்கப்பட்டது. பால்மரங்கள் சாய்ந்தன, வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2006-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் அவ்வூர் மாநகரத் தகுதியும் பெற்றது.

தோட்டம் ஊரானதுபோலவே, தோட்டத்து மக்களில் பலர் கடைக்காரர்கள் ஆனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோதும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிழைப்பைத் தேடின. ஒருவர் பூமாலை கட்டினார். ஒருவர் பசார் மாலாமில் வடை சுட்டார். ஒருவர் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துப் பழைய லாரி ஒன்றை வாங்கினார். இரவில் கடையைச் சாத்தினால் இரும்புக் கதவை இழுத்துவிட்டுப் பெரிய பூட்டாகப் போடுவார்கள். ஒரு முறைக்கு இரு முறை இழுத்தும் பார்ப்பார்கள்.

இன்றோ கடையின் பணம் கல்லாப் பெட்டியில் இல்லை. வாடிக்கையாளர் ஒரு கட்டப் படத்தைக் கைத்தொலைபேசியால் படம் பிடிக்கிறார். பணம் வங்கிக்குப் போய்விடுகிறது. கொள்முதல் சீட்டு, கடன் பாக்கி, வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாமே அந்தச் சிறு கருவிக்குள் அடங்கிவிட்டன. இரும்புக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. இதற்கு? இப்படிக் கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நம்மகிட்ட என்ன இருக்கு வாத்தியாரே? கணினித் திருடன் பேங்கை விட்டுட்டு நம்ம வடைக் கடைக்கா வரப் போறான்?"

இந்தப் பதில் சரிதானா என்பதை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வணிகம் தோன்றிய நாள்தொட்டே வணிகனுக்கு இரண்டு கவலைகள் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று, சரக்கைக் காப்பது. மற்றொன்று, சொல்லைக் காப்பது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களின்மேல் சோழ அரசின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைச் சங்க இலக்கியமாகிய பட்டினப்பாலை கூறுகிறது. அந்த முத்திரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைத் தடுக்காது. ஆனால் "இது சோதிக்கப்பட்ட சரக்கு" என்ற சொல்லை அது காத்தது. பூட்டு ஒரு வகைக் காவல் என்றால் முத்திரை வேறொரு வகைக் காவல். கணினிப் பாதுகாப்பு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பிற்காலத்தில் இந்திய வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப உண்டியல் என்னும் சீட்டைப் பயன்படுத்தினார்கள். கோயில் உண்டியல் அன்று. ஓர் ஊரில் எழுதிக் கொடுத்து, மற்றோர் ஊரில் காட்டிப் பணம் பெறும் கடிதம் அது. ஆயிரம் ரூபாய்க்கு எழுதினால் "ரூபாய் ஆயிரம்" என்று மட்டும் எழுதி நிறுத்த மாட்டார்கள். "ரூபாய் ஆயிரம், அதன் பாதியாகிய ஐந்நூறுக்கு இரு மடங்கு" என்று சேர்த்து எழுதுவார்கள். ஒரு சுழியைக் கூட்டித் திருத்த நினைப்பவன் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வான் அல்லவா? இதோடு, "இன்ன தொகைக்கு இன்னாருக்கு உண்டியல் கொடுத்திருக்கிறேன்" என்று பணம் கொடுக்க வேண்டியவருக்குத் தனியாக ஒரு கடிதமும் போகும். சீட்டு ஒரு வழியில் வரும், செய்தி வேறு வழியில் வரும். இரண்டும் பொருந்தினால்தான் பணம். சில வகை உண்டியல்களைச் சந்தையில் எல்லாரும் அறிந்த நாணயமான வணிகர் மூலமாகத்தான் மாற்ற முடியும். முகம் தெரியாதவன் கொண்டுவந்தால் காசு கிடைக்காது.

இந்தச் சீட்டுகளை எழுதியவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் அல்லர். ஓர் அறையும் ஒரு சாய்வுப் பெட்டியும் வைத்துக்கொண்டு தொழில் செய்தவர்களும் அவர்களிடையே உண்டு.

மலாயாவுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டிக்கு வாங்கித் தவித்த நம் பாட்டனார்களுக்கு அவர்கள்மீது மனத்தாங்கல் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வைத்திருந்த முறையை அவர்களிடம் கற்கத்தான் வேண்டும். கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பகுதியில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். இங்கே அவர் பெயரில் தொழிலை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். அவருக்கும் கீழே, எழுத்துக்கும் கணக்குக்கும் பழகும் சிறுவன், பெட்டியடிப் பையன். ஒரே மனிதர் பணத்தையும் வைத்து, கணக்கையும் எழுதி, அதைச் சரிபார்ப்பதையும் தாமே செய்துகொள்ளும் நிலை அங்கே இல்லை. ஐந்தொகை எடுத்துக் கடல் கடந்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். நம்பிக்கை இல்லாமலா இப்படிச் செய்தார்கள்? அவர்கள் தொழிலே நம்பிக்கைதான். நம்பிக்கை பெரிதாக இருந்ததாலேயே சரிபார்ப்பும் பெரிதாக இருந்தது.

நமக்கும் இது புதிதன்று. பால் கொட்டகையில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கிராணி எழுதிய எடையைத் தன் துண்டுக் காகிதத்திலும் குறித்து மடியில் முடிந்துகொண்ட பாட்டிமார் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கரிக்கோடு போட்டு எண்ணிக்கை வைத்தார்கள். செக்ரோலில் ஒரு நாள் பெயர் குறைந்தால் அந்தக் கரிக்கோடு சண்டை போடும்.

இனி, செய்தி தொலைவழியே பறக்கத் தொடங்கிய காலத்துக்கு வருவோம். மின்சாரத் தந்திக்கு முன்பே பிரான்சு நாட்டில் ஒருவகைத் தந்தி இருந்தது. குன்றுகளின்மேல் கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் அசையும் மரக் கைகள். ஒரு கோபுரத்துக் கைகள் காட்டும் அடையாளத்தை அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவார். இப்படியே செய்தி ஊர் ஊராகச் செல்லும். அரசாங்கத்துக்கு மட்டுமே அந்த வசதி. வணிகர் எவரும் அதைத் தொடக் கூடாது.

போர்தோ நகரத்தில் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் தொழில் செய்த பிளான் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். பாரிஸில் பத்திர விலை ஏறினால் சில நாள் கழித்துத் தபால் வண்டி வந்த பிறகுதான் போர்தோவில் விலை மாறும். அதை முன்னரே அறிந்தவனுக்குக் கொள்ளை இலாபம். 1834-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். இடையில் உள்ள தூர் என்னும் நகரத்தின் தந்தி ஊழியர் ஒருவருக்கு இலஞ்சம் கொடுத்தார்கள். அரசாங்கச் செய்தியின் நடுவே அவர் ஒரு தவறான அடையாளத்தை வேண்டுமென்றே சேர்ப்பார். உடனே "அது பிழை, தள்ளிவிடு" என்ற அடையாளத்தையும் காட்டிவிடுவார். செய்தியைப் பெறும் அதிகாரி பிழையை நீக்கிவிட்டுப் படித்துக்கொள்வார்; அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்தத் தவறான அடையாளம் கோபுரம் கோபுரமாகப் போர்தோ வரை பயணம் செய்யும். அங்கே ஒருவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, விலை ஏறியதா இறங்கியதா என்பதைச் சகோதரர்களுக்குச் சொல்லிவிடுவான்.

இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. 1836-இல் அந்தத் தந்தி ஊழியர் நோயுற்று, தம் இடத்துக்கு வருவார் என்று எண்ணிய நண்பரிடம் இரகசியத்தைச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வழக்கு நடந்தது. ஆனால் செய்தி வலையைத் தவறாகப் பயன்படுத்துவது குற்றம் என்று சொல்லும் சட்டமே அப்போது இல்லை. சகோதரர்கள் பெரிய தண்டனை ஏதுமின்றித் தப்பினார்கள்.

உலகின் முதல் வலைக் குற்றம் என்று இதைக் குறிப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தக் கோபுரங்களில் எதையும் இடிக்கவில்லை. அமைச்சரையோ உயர் அதிகாரியையோ பிடிக்கவுமில்லை. எங்கோ ஒரு நகரத்தில், குறைந்த சம்பளத்தில், எவர் கண்ணிலும் படாமல் இருந்த சிறிய மனிதரைப் பிடித்தார்கள். இந்த இடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் கணினி முதன்முதலில் வந்தது 1966-இல். அது பெரிய நிறுவனங்களின் குளிர்பதன அறைக்குள் இருந்த காலம். பின்னர் மேசைக் கணினிகள் வந்தபோது, 1986-இல், பாகிஸ்தானின் லாகூர் நகரிலிருந்து 'பிரெயின்' என்னும் கணினிக் கிருமி புறப்பட்டது. மேசைக் கணினிகளில் பரவிய தொடக்கக் காலக் கிருமிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அதை எழுதியவர்கள் யார் தெரியுமா? அங்கே சிறிய கணினிக் கடை வைத்திருந்த அல்வி சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்ததாக அவர்கள் சொன்னார்கள். கிருமிக்குள்ளேயே கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன! திருடனுக்கு வைத்த பொறி ஊரெல்லாம் திரியத் தொடங்கிவிட்டது.

மலேசியாவில் மிமோஸ் அமைப்பின் ஜாரிங் சேவை வழியாக 1992-இல் இணையம் வந்தது. 1997-இல் நம் நாடு கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஜனவரியில் கணினி அவசரங்களைக் கவனிக்கும் மைசெர்ட் குழுவும் அமைந்தது. அது இன்று சைபர் செக்யூரிட்டி மலேசியா என்னும் நிறுவனத்தின் பகுதி. இது பெருமைப்படத்தக்க முன்யோசனை என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் 2000-ஆம் ஆண்டு மே மாதம், "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சல் கிருமி உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்தபோது, அது புறப்பட்ட பிலிப்பைன்ஸ் நாட்டில் அதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. பிளான் சகோதரர்கள் காலத்துக்குப் பிறகு 160 ஆண்டுகள் கடந்தும் அதே கதை.

"நம் கடைக்கா வரப் போகிறான்?" என்ற கேள்விக்கு நேரடியான பதில் 2013-இல் அமெரிக்காவில் கிடைத்தது. டார்கெட் என்பது அங்கே பெரிய அங்காடி நிறுவனம். அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், பண்டிகை விற்பனை நடந்துகொண்டிருந்தபோது, அதன் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள் ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குள் எப்படிப் புகுந்தார்கள்? பென்சில்வேனியா மாநிலத்தில் குளிர்பதனப் பெட்டி வேலை செய்யும் சிறிய ஒப்பந்தக் கடை ஒன்று இருந்தது. டார்கெட் கடைகளுக்கு அது வேலை செய்து வந்ததால், கணக்கு விவரங்களை அனுப்ப அதற்கு ஒரு நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டிருந்தன. திருடர்கள் முதலில் அந்தச் சிறு கடைக்கு ஒரு பொய் மின்னஞ்சலை அனுப்பிக் கடவுச்சொல்லைக் கவர்ந்தார்கள். பின்னர் அதே சாவியைக் கொண்டு பெரிய வீட்டைத் திறந்தார்கள்.

குளிர்பதனக் கடைக்காரரிடமும் கேட்டிருந்தால், "என்னிடம் என்ன இருக்கிறது?" என்றுதான் சொல்லியிருப்பார். அவரிடம் இருந்தது பெரிய வீட்டின் சாவி. நம் சிறு தொழில்களிலும் அப்படித்தான். தொழிற்சாலைக்கு மதிய உணவு கொடுப்பவர், பள்ளிக்குச் சீருடை தைப்பவர், மருந்தகத்துக்கு லாரி ஓட்டுபவர் ஆகிய எல்லாரும் யாரோ ஒரு பெரியவரின் கதவுக்குச் சாவி வைத்திருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் நூறு வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இருக்கிறது. அந்த நூறு பேரும் கடைக்காரர் பெயரைக் கண்டால் நம்புவார்கள். திருடனுக்குப் பணத்தைவிட இந்த நம்பிக்கையே விலை உயர்ந்த சரக்கு.

அடுத்து, 2016 பிப்ரவரியில் வங்காள தேசத்து மத்திய வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். அந்த வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கு மேல் அனுப்பும்படி வங்கியின் பெயராலேயே கட்டளைகள் விடுத்தார்கள். நாளைப் பாருங்கள்: டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நியூயார்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை, மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாத நாள்களாகப் பார்த்துச் செய்தார்கள். 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போகவிருந்தது. அறக்கட்டளை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கியில் ஒருவருக்கு ஐயம் வந்தது, "இது சரியா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த 2 கோடியும் தப்பியது. எழுத்துப் பிழைக்காகப் பிள்ளைகளைக் கண்டிக்கும் எனக்கு இந்தக் கதையில் தனி மகிழ்ச்சி.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 மார்ச்சில், நம் பேங்க் நெகாராவிலும் இதே வகையில் பொய்யான பணக் கட்டளைகள் நுழைந்தன. பேங்க் நெகாரா அதை உடனே கண்டுபிடித்துத் தடுத்துவிட்டது. ஒரு காசும் போகவில்லை.

2017 மே மாதம் 'வன்னாகிரை' என்ற கிருமி ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. வருத்தம் என்னவென்றால், அந்தக் கிருமி நுழையும் ஓட்டையை அடைக்கும் மருந்தை மென்பொருள் நிறுவனம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. "புதுப்பிக்கவா?" என்று திரையில் கேட்டபோது "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். கணக்கின் இன்னொரு படியை வேறிடத்தில் வைத்திருந்தவர்கள் பணம் கொடுக்காமல் மீண்டார்கள். ஊருக்கு அனுப்பிய ஐந்தொகையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதே 2017-இல், அக்டோபரில், நம் நாட்டிலேயே 4 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்திருந்தது தெரிய வந்தது. எண், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. முகம் தெரியாத ஒருவன் தொலைபேசியில் நம் முழுப் பெயரைச் சொல்லி, "நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன்" என்கிறானே, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வியக்க வேண்டியதில்லை. பெயரைச் சொல்வது இப்போது எதற்கும் சான்று ஆகாது.

இவை எல்லாம் நூலிலும் செய்தியிலும் படித்தவை. கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் மூடிய பிறகு பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறி, முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முன்பணத்தோடு வேண்டுகோள் வந்துவிடும். எல்லாம் கைத்தொலைபேசிச் செய்தி வழிதான். ஆயினும் அக்காவுக்கு ஒரு பழைய வழக்கம்: இன்னாருக்கு இத்தனை, இவ்வளவு முன்பணம், தொலைபேசி எண் இது என்று பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெருங்கிய ஒரு மாலையில், அறிந்த பெண்மணி ஒருவர் பெயரில் செய்தி வந்தது: "அக்கா, ஆறு இலக்க எண் ஒன்று தவறி உங்களுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்புங்கள்." உண்மையில் எண் வந்திருந்தது. அனுப்பிவிட்டார். அடுத்த நிமிடம் அவருடைய செய்திக் கணக்கு அவர் கையை விட்டுப் போய்விட்டது. அந்த ஆறு இலக்கம்தான் அதன் சாவி. கேட்ட பெண்மணியின் கணக்கும் அதற்கு முன்பே அதே வழியில் பறிபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவே அக்காவின் பெயரில், அக்காவின் படத்தோடு, வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போனது: "இந்த ஆண்டு எண்ணெய் விலை ஏறிவிட்டது. முழுப் பணத்தையும் இன்றே இந்தப் புதிய கணக்கில் போடுங்கள்." பதினொரு பேர் போட்டார்கள். ஒருவர் மட்டும், "அக்கா, வேறு யார் பெயரோ வருதே?" என்று கேட்டிருக்கிறார். "என் மருமகன் கணக்குதான்" என்று பதில் வந்ததாம். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் குரல் சொல்லியிருக்கும். ஆனால் செய்தியில் கேட்டார். திருடனே பதில் எழுதினான். சீட்டும் செய்தியும் இரண்டு வழியில் வர வேண்டும் என்று உண்டியல் எழுதியவர்கள் வைத்த விதி இதற்காகத்தான்.

இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. பணம் வாடிக்கையாளருடையது. ஆனால் கெட்டது யார் பெயர்? அக்கா வெட்கத்தால் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாள்தான் பெரிய நட்டம். 2022 அக்டோபரிலிருந்து தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 997 என்ற எண்ணில் இயங்கி வருகிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுவதற்கு முன் சொன்னால் வங்கிகள் அதை நிறுத்த முயலும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இருக்காது. வெட்கம் வேண்டியது திருடனுக்கு. 2013 முதல் 2015 வரை பொய் விலைச் சீட்டு அனுப்பிய ஒரு லித்துவேனியா நாட்டவரிடம் கூகுளும் ஃபேஸ்புக்குமே 10 கோடி டாலருக்கு மேல் ஏமாந்திருக்கின்றன.

அவரைக் காப்பாற்றியது நோட்டுப் புத்தகம். மகனும் நானும் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டோம். கணக்கை மீட்டபின் மகன் அதற்கு இரண்டாம் பூட்டாகத் தனி இரகசிய எண் ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். ஆறு இலக்கம் வெளியே போனாலும் இனி அது இல்லாமல் திறக்காது. வங்கிக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று கடவுச்சொற்களையும் மாற்றினான். அதுவரை மூன்றுக்கும் அவன் பிறந்த நாள்தான். லயத்து வீடுகள் அத்தனைக்கும் ஒரே சாவி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் அக்கா உடனே புரிந்துகொண்டார். திருமண அழைப்பிதழ் என்று யாராவது செயலி ஒன்றை அனுப்பினால் திறப்பதில்லை என்றும், பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பாமல் தன் வங்கிக் கணக்கைத் திறந்தே பார்ப்பது என்றும் முடிவாயிற்று. மாலையில் மருமகள் தன் தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் படிக்க, அக்கா நோட்டில் பேனாவால் குறி போடுவார். மேலாளும் அடுத்தாளும் அடுக்குமாடி வீட்டிலும் இருக்கலாம்.

ஏமாந்த பதினொருவருக்கும் அக்கா முறுக்குச் சுட்டுக் கொடுத்துவிட்டார். "வேண்டாம்" என்றவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

போலீஸ் புகார் எழுதப் போனபோது நானும் உடன் போனேன். பணம் போன கணக்கு யார் பெயரில் இருந்தது என்பதை வாடிக்கையாளரின் இரசீதில் அப்போதுதான் அக்கா பார்த்தார். ஒரு தமிழ்ப் பையனின் பெயர். மலாயில் இவற்றை 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு, என்கிறார்கள். திருடன் தன் பெயரில் கணக்கு வைப்பதில்லை. வேலையில்லாத இளைஞனிடம் சில நூறு வெள்ளியைக் கொடுத்து அவன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்வான். பிறர் பணத்தைச் சுமந்துபோகும் கழுதை அந்தக் கணக்கு. 2024-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி, இப்படிக் கணக்கைப் பிறருக்கு ஒப்படைப்பதே தனிக் குற்றம். "அட்டையைத்தான் கொடுத்தேன், திருடியது நானல்ல" என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு கணக்கு எண்ணின்மேல் புகார் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் பார்க்கலாம். சரக்குக்குப் பணம் அனுப்பும் முன் கடைக்காரர்கள் பார்ப்பது நல்லது.

போலீஸ்காரர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தப் பையன் எந்தத் தோட்டத்துப் புள்ள வாத்தியாரே? அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.